நானூற்று ஒன்பது

வியாழக்கிழமை நாலு மணிக்கு
யோசனைப் பெட்டியைத் திறப்பது என் வேலை.
ஓசூர் சிப்காட்டில் பிரேக் கேபிள் செய்கிற கம்பெனி.
தேர்வாகும் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்.

முன்பெல்லாம் மாதத்துக்கு ஆறு வரும்.
கேன்டீன் சாம்பாரைப் பற்றி நாலு,
சூப்பர்வைசரைப் பற்றி ஒன்று, பெயரில்லாமல்.
ஆறாவது எப்போதாவது உருப்படியாக இருக்கும்.

இப்போது வாரத்துக்கு நாற்பது.
எல்லாமே
"உற்பத்தித் திறனை மேம்படுத்தும் நோக்கில்" என்று
கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கின்றன.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சென்னப்பா
"ஒருங்கிணைந்த அணுகுமுறை" என்கிறான்.
அவன் வாயிலிருந்து நான் கேட்ட
மிக நீளமான வாக்கியம்:
"சார், வழி."

மேனேஜர் ஒரு படிவம் அடித்துக் கொடுத்தார்.
கடைசிக் கட்டம்:
சொந்த முயற்சிதானா? எப்படிச் சரிபார்த்தீர்கள்?

முதல் வாரம் பிழைகளைத் தேடினேன்.
ரகரத்திலும் றகரத்திலும் இடறுகிறவன்
மனிதனாகத்தான் இருப்பான் என்று நம்பி.
அடுத்த வாரமே வந்துவிட்டன,
கேட்டு வாங்கிய பிழைகள்,
வரிக்கு ஒன்றாக, கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி.
கையால் எழுதிக் கொடுங்கள் என்றேன்.
போனைப் பார்த்துப் பார்த்துக் காப்பி எடுத்தார்கள்.
கிரீஸ் பட்ட தாள்களைத் தனியே வைத்தேன்.
மூன்றாம் வாரம் நாற்பதிலும் கிரீஸ்,
மூலையில், பொட்டு அளவுக்கு.

முனிவெங்கடப்பாவைக் கூப்பிட்டேன்.
அவர் மறைக்கவில்லை.
"போன்தான் சார் எழுதிச்சு.
எனக்குத் தெலுங்கு பேச வரும், தமிழ் பேச வரும்,
எழுத்து ரெண்டுலயும் கிடையாது.
பாகலூர் பஸ்ல ஒரு மணி நேரம்
அதுகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன்.
நான் சொன்னது ஸ்பிரிங்கு.
அது என்ன எழுதியிருக்கு, படிங்க."
படித்தேன்.
ஒன்றரைப் பக்கத்தில் ஸ்பிரிங்கே இல்லை.
எந்த ஸ்பிரிங் என்று கேட்டேன்.
எழுந்து நின்றார்,
காற்றைப் பிடித்து இழுத்தார், விட்டார்,
விட்ட இடத்திலிருந்து கையைச் சட்டென்று பின்வாங்கினார்.
ஒரு விரலில் நகம் இல்லை.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

கெம்பம்மாவின் சீட்டு
பேக்கிங் ஸ்லிப்பின் முதுகில் இருந்தது.
ராத்திரி ஷிப்டில் தரை கூட்டுகிறவள்.
"நாலாம் நம்பர் மேசை குள்ளம். பொண்ணு குனியுது."
அவ்வளவுதான்.
கீழே நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
தாள் தீர்ந்து பிஸ்கட் அட்டையைப் பின் அடித்திருந்தாள்.
நடுவில் பேனா மாறியிருந்தது.
ஓரிடத்தில் இரண்டு கோடுகளை அடித்துவிட்டு
"தண்ணி குடிச்சா, குனியல" என்றிருந்தது.
எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

எனக்கு அப்போதும் சந்தேகம்.
கோடு போடச் சொன்னால் போன் போடாதா?
பேனா மாற்றச் சொன்னால் மாற்றாதா?

அன்று ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.
நாலாம் நம்பருக்கு எதிரே ஸ்டூல் போட்டு,
மடியில் நோட்டு.
பொண்ணு ராயக்கோட்டைக்காரி, பெயர் சவுடேஸ்வரி.
நான் எதற்கு வந்தேனென்று கேட்கவில்லை.
ஷட்டருக்கு அடியில் தை மாதக் குளிர் நுழைந்து
என் செருப்பில் உட்கார்ந்தது.
இரண்டு மணிக்குக் கண் சொக்கியது.
மூன்றே காலுக்கு
அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது
நானும் நிமிர்ந்தேன்.
விடிந்தபோது என் கணக்கு
நானூற்று ஒன்பது.

கெம்பம்மா துடைப்பத்தோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.
"மூணு கொறையுது. தூங்கிட்டீங்களா சார்?"

மேசை உயர்ந்ததா என்றால், இல்லை.
பர்ச்சேஸில் இருக்கிறது.

படிவத்தை எடுத்தேன்.
அதை மாதாமாதம் எனக்கும் போன்தான் நிரப்பித் தரும்.
"உரிய முறையில் ஆய்வு செய்யப்பட்டது."
அடித்துவிட்டு எழுதினேன்:
எண்ணிப் பார்த்தேன். 409. கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

முனிவெங்கடப்பாவின் கட்டத்தில்
இழுத்து, விட்டு, பின்வாங்குகிற ஒரு கையை வரைந்தேன்.
எனக்கு வரைய வராது.
மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"என்னய்யா இது, நண்டா?"